படத்தைத் திரும்ப ஓட்டுற ரைடா, படத்துக்குள்ள நமக்கு ஒரு இடம் குடுக்கிற ரைடா?

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். யுனிவர்சல், டிஸ்னி தீம் பார்க் ரைடு வீடியோக்களைப் பத்தி வேற ஒரு இழையில பேச்சு வந்து பாதியில நின்னுபோச்சு. இங்க முழுசா பேசலாம். நான் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்ல செட்டு போடுறவன். அதனால எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் கிடையாது.

என் கட்சி இதுதான். ஹிட்டான படத்தை வச்சுக் கட்டுற ரைடு, அந்தப் படத்தோட கதையைத் திரும்பச் சொல்லவே வேண்டாம். ரெண்டு மணி நேரப் படம் நாலு நிமிஷத்துல அடங்காது. ஏறி உக்கார்றவனுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும்: இங்க நான் யாரு, என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க.

1955ல டிஸ்னிலாண்ட் திறந்தப்போ இருந்த ஸ்னோ ஒயிட் ரைடுல ஸ்னோ ஒயிட் பொம்மையே கிடையாது. வண்டியில உக்காந்திருக்கிற நீங்கதான் ஸ்னோ ஒயிட். சூனியக்காரி ஆப்பிளை உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. எவ்வளவு பெரிய யோசனை! ஆனா வந்த ஜனங்களுக்கு அது பிடிபடல. அந்தப் பொண்ணைக் காணோமேன்னு கேட்டுக்கிட்டே வெளிய போனாங்க. கடைசியில 1983ல புதுப்பிச்சப்போ அவளை உள்ள கொண்டுவந்து வச்சாங்க. நீ யாருன்னு வாசல்லயே சொல்லாம விட்டதுதான் அங்க நடந்த கோளாறு.

இதுக்கு நேர் எதிரா ஸ்டார் டூர்ஸைப் பாருங்க. 1987ல வந்தது. அன்னிக்கு ஸ்டார் வார்ஸ் மூணு படமும் வந்து முடிஞ்சிருச்சு. ஹீரோ லூக்கை முன்னால நிறுத்தி ஒரு சண்டை காட்டியிருக்கலாம், ஜனம் கைதட்டியிருக்கும். அதைச் செய்யல. நீங்க எண்டோர்ங்கிற நிலவுக்கு டிக்கெட் எடுத்த சுற்றுலாப் பயணி, அவ்வளவுதான். க்யூவே ஒரு விண்வெளி டெர்மினல். போற வழியில படத்துல வர்ற ரோபோக்கள் சி-3பிஓவும் ஆர்2-டி2வும் ஒரு கப்பலை ரிப்பேர் பார்த்துட்டு இருப்பாங்க. பைலட் ரெக்ஸுக்கு அதுதான் முதல் டிரிப். எடுத்த எடுப்புலயே தப்பான பக்கம் இறங்கிடுவான். அதுக்கப்புறம் நடக்கிற எல்லாமே, வால்நட்சத்திரக் கூட்டம், நடுவுல மாட்டுற சண்டை, டெத் ஸ்டார் வரைக்கும், அந்த ஒரு தப்போட விளைவு. டூரிஸ்டா ஏறுனவன் டூரிஸ்டாவே பதறி டூரிஸ்டாவே இறங்குறான். அவனை யாரும் நடிக்கச் சொல்லல, ஏன்னா நெஜமாவே அவன் டூரிஸ்ட்தான்.

உங்க கருத்தைச் சொல்லுங்க.

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

அண்ணா, மதிச்சே சொல்றேன், எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ரைடுன்னா முதல்ல உடம்பு. வயிறு மேல ஏறணும், காது அடைக்கணும். கதையெல்லாம் க்யூவுல நிக்கிறவன் போரடிக்காம இருக்க போடுற ஜோடனை. அந்த ஸ்டார் டூர்ஸ் எதனால ஓடுச்சு? ரெக்ஸாலயா? பைலட்டுகளுக்கு ட்ரெய்னிங் குடுக்கிற சிமுலேட்டரை எடுத்துட்டு வந்து அதுல ஜனத்தை உக்கார வச்சதாலதான் ஓடுச்சு. கேபினுக்குக் கீழ ஆறு ஹைட்ராலிக் கால். எல்லாப் பக்கமும் சாயும், தூக்கும், இறக்கும்.

வித்தை எங்க இருக்குன்னா, கேபினை மெதுவா பின்பக்கமா சாய்ச்சா முதுகு சீட்ல அழுந்தும். கண்ணுக்கு முன்னாடி இருக்கிற திரையும் கேபினோடயே சாயறதால சாஞ்சதே தெரியாது. புவியீர்ப்பு குடுக்கிற அழுத்தத்தை மூளை ‘வண்டி பிச்சுக்கிட்டு போகுது’ன்னு எடுத்துக்கும். முன்பக்கமா சாய்ச்சா பிரேக் அடிச்ச மாதிரி. உள்ள இருக்கிறவன் பல மைல் போயிட்டு வந்ததா நினைப்பான், கேபின் அந்த ரூமை விட்டு நகர்ந்திருக்காது. இரும்பும் எண்ணெயும் செய்யற வேலை இது. இதுக்கு முன்னாடி எழுத்தாளருக்கு என்ன வேலை?

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

//இதுக்கு முன்னாடி எழுத்தாளருக்கு என்ன வேலை//

தம்பி, நீ சொன்ன சாய்ப்பு வித்தை முழுக்க உண்மை. ஆனா முதுகு அழுந்துறது எதுக்குன்னு யார் சொல்றது? அதே கேபின்ல அதே அசைவைப் போட்டு, திரையில வெறும் கோடு கோடா ஓடவிட்டா பத்து செகண்ட்ல குமட்டும். மூளைக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காரணத்துக்குப் பேர்தான் கதை.

பெரம்பூர் டீச்சர்

நான் சிங்கப்பூர்ல ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குப் பையனைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். உலகத்துலயே முதல்ல 2011ல அங்கதான் அந்த ரைடு வந்ததாம். எனக்கு அந்தப் படங்கள் ஒண்ணுகூடத் தெரியாது. பையனுக்கு பொம்மை அளவுல தெரியும்.

க்யூ ஒரு ராணுவத் தளம் மாதிரி. சுவர்ல இருக்கிற டிவிகள்ல ஒரு அதிகாரி நமக்கு உத்தரவு சொல்லிட்டே இருப்பார். நாம புதுசா சேர்ந்த ஆட்கள். ஆல்ஸ்பார்க்னு ஒரு துண்டு, அதை எதிரி கையில சிக்காம பத்திரமா கொண்டுபோகணும். நாம ஏறுற வண்டியே ஒரு ரோபோ, பேரு எவாக். சண்டை முழுக்க இந்த வண்டி நம்மோட பேசும். கடைசியில அந்தத் துண்டை எதிரித் தலைவன் மெகாட்ரான் நெஞ்சுல நாமதான் குத்துறோம்.

ரைடு முடிஞ்சு இறங்கினதும் பையன் கேட்டது எனக்கு இன்னும் மறக்கல. “அம்மா, அவ்வளவு பெரிய ரோபோ எல்லாம் இருக்கும்போது நம்மள ஏன் கூப்பிட்டாங்க?” எனக்குப் பதில் தெரியல. பிரமாண்டம், சத்தம், சூடு எல்லாம் இருந்தது. ஆனா அந்தக் கேள்விக்கு ரைடுக்குள்ள பதில் இல்ல. அதனால நான் செட்டு வேலை சார் பக்கம்.

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

டீச்சர் அக்கா, அதே ரைடுல நீங்க கவனிக்காத ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் கட்டடம் ரெண்டு மாடி. ஒரு திரைக்கு முன்னாடி சண்டை நடந்துட்டு இருக்கும்போதே உங்க வண்டி லிஃப்ட்ல ஏறி மேல் மாடிக்குப் போயிருக்கும். அப்புறம் அதே மாதிரி கீழயும் வந்திருக்கும். நீங்க மாடி மாறினதே உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கதைன்னா அதுதான்.

பெரம்பூர் டீச்சர்

உண்மையாவா! துளிகூடத் தெரியல. மறுபடி போனா அதைக் கவனிப்பேன்.

கூத்துக்கார வீட்டுப் பிள்ளை (திருவொற்றியூர்)

தாமதமா வர்றேன், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க. எங்க தாத்தா தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவர். இந்த விவாதத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே அளவுகோல் அதுதான்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல கூத்து பார்க்க உக்கார்ற ஒருத்தருக்குக்கூட பாரதக் கதை தெரியாம இருக்காது. துகில் உரிவாங்க, கண்ணன் காப்பாத்துவான், பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான். இதைத் தெரிஞ்சுக்க யாரும் ராத்திரி முழுக்கக் கண்ணு முழிக்கிறது இல்ல. அந்த இடத்துல தானும் இருக்கணும்னு வர்றாங்க. ரெண்டு பேர் திரையைப் பிடிக்க, அதுக்குப் பின்னாடி சலங்கைச் சத்தம் மட்டும் முதல்ல கேட்கும். வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னே பாடும், ஆடும். உடனே வெளிய வராது. வந்து நிக்கறதுக்குள்ள ஜனம் பாதி அங்க போய் சேர்ந்திருக்கும். நடுவுல கட்டியங்காரன். அவன் ஒரு கால் அஸ்தினாபுரத்துலயும் ஒரு கால் நம்ம தெருவுலயும் வச்சிருப்பான். ராஜாகிட்டயும் பேசுவான், முன்வரிசையில தூங்குற பெரியவர்கிட்டயும் பேசுவான்.

கடைசி நாள் காலையில படுகளம். மைதானத்துல பெரிய மண் துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உருவத்தைச் சுத்தி, ஜனத்துக்கு நடுவுலயே துரத்திக்கிட்டு ஓடும். கூட்டம் விலகும், மறுபடி சேரும். அப்போ அங்க நிக்கிறவங்க பார்வையாளர்களா? கிடையாது, அவங்கதான் குருக்ஷேத்திரத்துல நிக்கிற கூட்டம். யாரும் அவங்களுக்கு வசனம் எழுதிக் குடுக்கல. நிக்க ஒரு இடம் குடுத்தாங்க, அது போதும்.

ரைடுகள்ல இதுக்குக் கிட்ட வந்தது, சுறாப் படமான ஜாஸை வச்சுக் கட்டின ரைடு. 1990ல யுனிவர்சல் ஃப்ளோரிடாவுல திறந்தாங்க. இயந்திரம் ஓயாம மக்கர் பண்ணி மூடி, பெரும்பகுதியை மாத்தி 1993ல மறுபடி திறந்தாங்க. 2012 ஜனவரியில மூடிட்டாங்க, இப்போ அந்த இடத்துல ஹாரி பாட்டரோட டயகன் ஆலி இருக்கு. ஒசாகாவுல மட்டும் ஜாஸ் இன்னும் ஓடுது. அதுல நீங்க படகுல ஊரைச் சுத்திப் பார்க்க வந்தவங்க. படகு ஓட்டறவர் நெஜ ஆள். மைக்ல ஊர்க்கதை சொல்லிட்டே வருவார், சுறா வந்ததும் பதறுவார், துப்பாக்கி எடுத்துச் சுடுவார், குறி தவறும். அதே வசனத்தை ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரி சொல்வாங்க. பழைய வீடியோக்களை வரிசையா பாருங்க, சுறா ஒண்ணுதான், படகோட்டிகள் வேற வேற. அவர்தான் அங்க கட்டியங்காரன். இப்போ வர்ற ரைடுகள்ல அந்த வேலையைத் திரைக்குக் குடுத்துட்டாங்க. அது எனக்குப் பெரிய இழப்பாத்தான் படுது.

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், என்னால இவ்வளவு தெளிவா சொல்ல வரல. நன்றி தோழர்.

நெஜ ஆளுக்கு இன்னிக்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2019ல வந்த ஸ்டார் வார்ஸ் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ். முதல்ல ஒரு போக்குவரத்துக் கப்பல்ல நின்னுக்கிட்டே ஏறுவீங்க. கதவு மூடும், ஆட்டம், சண்டை, எதிரி பிடிச்சுடுவான். மறுபடி கதவு திறந்தா வெளிய ராட்சச ஹேங்கர், வரிசையா எதிரிப் படையோட ஐம்பது ஸ்டார்ம்ட்ரூப்பர். நீங்க ஆட்டத்துல இருந்தப்போ கப்பலே ஒரு சுழல்மேடையில திரும்பியிருக்கு. செட்டு வேலை பார்க்கிறவனா சொல்றேன், எந்த கிராஃபிக்ஸும் அந்தக் கதவுக்கு ஈடாகாது. அங்கிருந்து கருப்பு யூனிஃபார்ம்ல நெஜ ஆட்கள் உங்களை அதட்டி வரிசையில நிறுத்துவாங்க. நீங்க கைதி. க்யூவுல நிக்கிறவனை எப்படியும் வரிசையில நிறுத்தித்தான் ஆகணும். அந்த நிக்கிறதையே கதை ஆக்கிட்டாங்க.

ராயபுரம் மேட்டுத்தெரு

கூத்துக்கார வீட்டுப் பிள்ளை எழுதினது ரொம்பப் பிடிச்சது. ஆனா ஒரு இடத்துல நான் மறுக்கணும். //கதை தெரியாம இருக்காது// இதை விதியா வச்சா, ஸ்பிளாஷ் மவுண்டன் எப்படி ஜெயிச்சது?

1989ல டிஸ்னிலாண்ட்ல வந்தது. அடிப்படை 1946ல வந்த ஒரு படம். கறுப்பின மக்களைக் காட்டின விதத்துக்கு வந்த கண்டனத்தால அந்தப் படத்தை அமெரிக்காவுல வீடியோவாக்கூட வெளியிடல. ஒரு தலைமுறையே அதைப் பார்த்தது கிடையாது. இருந்தும் பல வருஷம் ஜனம் அந்த ரைடுல மொய்ச்சது. சமீபத்துல டியானா இளவரசி வர்ற ‘பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ படத்துக்கு மாத்தி 2024ல திறந்தாங்க. இது எல்லாரும் பார்த்த படம். ஆனா பழசுல இருந்த ஆபத்து புதுசுல இல்ல, பாட்டுக் கச்சேரிக்குப் போற வழியில எதுக்கு விழறோம்னு புரியலன்னு நிறைய ரசிகர்கள் குறைப்பட்டாங்க. ஆக, தெரிஞ்ச படம்ங்கிறது மட்டும் காப்பாத்தாது.

வாட்டர்வேர்ல்டு இன்னொரு சாட்சி. 1995 படம், எதிர்பார்த்த அளவு ஓடல. ரைடு இல்ல, ஸ்டன்ட் ஷோதான். அதே வருஷம் ஹாலிவுட் யுனிவர்சல்ல ஆரம்பிச்சு முப்பது வருஷம் தாண்டி ஓடுது, சிங்கப்பூர்லயும் இருக்கு. அதைப் பார்த்த நம்மாளுங்க எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பாங்க?

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

ஸ்பிளாஷ் மவுண்டன் பேர் வந்ததால கேட்கிறேன். அதுல அந்தப் பெரிய இறக்கம் சுமார் 50 அடி. அது முயலை முட்புதருக்குள்ள வீசுற இடம்தானே?

ராயபுரம் மேட்டுத்தெரு

ஆமா. முயல் வீட்டை விட்டுக் கிளம்பும், நரியும் கரடியும் துரத்தும், பிடிபடும். சங்கிலி இழுத்து படகு மேல ஏறும்போது ரெண்டு கழுகு உக்காந்து நம்மளையே பார்த்துப் பேசும். உச்சிக்குப் போனதும் வீசப்படறது நாம. முயலுக்கு முட்புதர்தான் பிறந்த வீடு, அதனால கீழ விழுந்ததும் தப்பிச்சாச்சு, எல்லாரும் பாட்டுப் பாடுவாங்க. படம் பார்க்காதவனுக்கும் இது முழுசா புரியும்.

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

இது எனக்கு ஒத்துப்போகுது. அந்த விழுதலை எடுத்துட்டா கதை நிக்காது, கதையை எடுத்துட்டா விழுதல் வெறும் சறுக்கு. ரெண்டும் ஒரே போல்ட்ல மாட்டியிருக்கு. ஆர்லாண்டோவுல 2004ல வந்த மம்மி கோஸ்டர்லயும் இதைப் பார்க்கலாம். வண்டி ஸ்டேஷனுக்குள்ள வந்து நிக்கும், கண்ணாடி ரூம்ல ஒரு அம்மா நன்றி சொல்லுவாங்க, எல்லாரும் முடிஞ்சதுன்னு கம்பியை விட்டுக் கையை எடுப்பாங்க. அப்போ கண்ணாடி உடையும், தலைக்கு மேல கூரை முழுக்கத் தீ அலை அலையா ஓடும், வண்டி மறுபடி கீழ பாயும். ரைடு எப்படி முடியும்ங்கிற நம்ம பழக்கத்தையே கதைக்கு வச்சுட்டாங்க. அண்ணா கேட்ட ‘காரணம்’ இப்படி இருந்தா எனக்குச் சம்மதம். க்யூவுல டிவி வச்சு பத்து நிமிஷம் விளக்குறதுக்கு மட்டும் சம்மதம் இல்ல.

பெரம்பூர் டீச்சர்

அப்போ ஹாரி பாட்டர் ஃபர்பிடன் ஜர்னி எந்தக் கணக்குல வரும்? 2010ல வந்தது. அதோட க்யூ கோட்டைக்குள்ள போகுது, பேசுற ஓவியங்கள், டம்பிள்டோர் அறை எல்லாம் இருக்குன்னு வீடியோவுல பார்த்தேன்.

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

டீச்சர், அதுல கோட்டைக்கு நூத்துக்கு நூறு. ரைடுக்கு நான் அவ்வளவு குடுக்க மாட்டேன். தொழிற்சாலையில பயன்படுத்துற மாதிரி ரோபோ கையில நாலு சீட்டை மாட்டி ஓட்டுறாங்க, சாதனைதான். ஆனா டிராகன், அடிக்கிற மரம், சிலந்தி, டிமென்டர், க்விடிச் எல்லாத்தையும் ஒரே பயணத்துல அடுக்கிட்டாங்க. எதையும் நின்னு பார்க்க விடல. படத்தோட டிரெய்லருக்குள்ள தூக்கி வீசின மாதிரி ஆயிடுது. கோட்டையில நடந்த அந்த அரை மணி நேரம்தான் எனக்குக் கதையா நிக்குது.

பழைய பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனை நினைச்சுப் பாருங்க. 1967ல ரைடு, 2003லதான் படம். அதுல கதைன்னு கோர்வையா எதுவும் கிடையாது. ஊர் எரியுது, ஏலம் நடக்குது, சிறையில மாட்டினவங்க சாவி வச்சிருக்கிற நாயைக் கூப்பிடுறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறதால வசனம் புரியலன்னு எழுதினவர் கவலைப்பட்டாராம். விருந்துல நடந்து போறப்போ அங்கங்க காதுல விழுற பேச்சு மாதிரிதான் இதுவும், விட்டதைக் கேட்க மறுபடி வருவாங்கன்னு வால்ட் டிஸ்னி சொன்னதா பதிவு இருக்கு. 2006ல ஜாக் ஸ்பாரோவை அதுக்குள்ள வச்சாங்க. அப்புறம் எல்லார் கண்ணும் ஸ்பாரோ எங்கன்னு தேடுது. ஊரைப் பார்க்கிறது குறைஞ்சுபோச்சு.

கூத்துக்கார வீட்டுப் பிள்ளை (திருவொற்றியூர்)

நம்ம பக்கம் யாரும் பேசலையே. மகாராஷ்டிராவுல இருக்கிற இமேஜிகா பார்க்ல மிஸ்டர் இந்தியா படத்தை வச்சு ஒரு சிமுலேட்டர் இருக்கு, ராமோஜியில பாகுபலி செட்டைச் சுத்திப் பார்க்கலாம். தமிழ்ப் படத்துக்குன்னு ஒண்ணு? நம்ம வடசென்னையில வைக்கிற மாதிரி யோசிங்க. குத்துச்சண்டைப் படம் சார்பட்டா பரம்பரையை எடுத்துக்குவோம். உள்ள போறவன் யாரு?

ராயபுரம் மேட்டுத்தெரு

ஹீரோ கபிலன்னு மட்டும் சொல்லாதீங்க. குத்துச்சண்டை வீரனா உக்கார வச்சா கைக்கு வேலை குடுக்கணும், விஆர் கண்ணாடி மாட்டணும், அது வீடியோ கேம். என்னைக் கேட்டா கார்னர்ல நிக்கிற பையன். கையில பக்கெட், ஸ்பாஞ்சு, தோள்ல துண்டு. ரங்கன் வாத்தியார் குரல் காதுக்குப் பக்கத்துல. மணி அடிச்சா ஸ்டூலை உள்ள வைக்கணும், மறுபடி அடிச்சா எடுக்கணும்.

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

அருமை. க்யூ எங்க ஆரம்பிக்கணும்னா பயிற்சிக் கொட்டகையில. மணல் மூட்டை தொங்கணும், அதுல கை பட்டுப் பட்டு ஒரே இடத்துல துணி கறுத்திருக்கணும். சுவர்ல எழுபதுகள் சுவரொட்டி, மேல மேல ஒட்டி ஓரம் கிழிஞ்சது. விளக்கெண்ணெய் வாசனை. அடுத்த ரூம்ல இருந்து கூட்டத்தோட இரைச்சல் சுவர் வழியா வரணும், ஆனா ரிங் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தோழர் சொன்ன திரை அதுதான். நிக்கிற கூட்டத்தை ரெண்டா பிரிச்சு சார்பட்டா பக்கம் பாதி, இடியாப்பம் பக்கம் பாதின்னு எதிரெதிர் கார்னருக்கு அனுப்பணும்.

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

அண்ணா, அதுக்கு ட்ராக்கே வேண்டாம். ரிங்கைச் சுத்தி பார்வையாளர் மேடையை வட்டமா போட்டு, கீழ ரோலர் குடுத்து திருப்பலாம். ரவுண்டுக்கு ரவுண்டு மேடை கொஞ்சம் நகரும், நாக்கவுட் ஆகும்போது ஒரு கை உயரத்துக்குச் சட்டுனு இறங்கும். அந்த அதிர்ச்சி கால்ல ஏறினா போதும். தீவுத்திடல் பொருட்காட்சியில ராட்டினம் மாட்டுற பசங்களே இதைச் செஞ்சிடுவாங்க. ஆனா சண்டை போடுறது நெஜ ஆளா இருக்கணும், திரையில வேண்டாம். நம்ம ஏரியாவுல பாக்ஸிங் தெரிஞ்ச பசங்களுக்குப் பஞ்சமே இல்ல.

கூத்துக்கார வீட்டுப் பிள்ளை (திருவொற்றியூர்)

அறிவிப்பாளரா ஒருத்தர் கட்டாயம். படத்துல வர்ற மாதிரியே மைக்கைப் பிடிச்சு வர்ணனை. அவர் கூட்டத்தைப் பார்த்தும் பேசணும், இந்த ஊர்ல இருந்து வந்திருக்கீங்களா, அந்தத் தெருவான்னு கேட்கணும். தினம் ரெண்டு வசனம் மாத்திக்க அவருக்கு உரிமை இருக்கணும். எங்க பக்கத்துல இதைச் செய்யக்கூடிய கூத்துக் கலைஞர்கள் இருக்காங்க, திருவிழா சீசன் முடிஞ்சா வேலை இல்லாம இருக்காங்க.

ராயபுரம் மேட்டுத்தெரு

யார் ஜெயிக்கிறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணலாமா, இல்ல காட்சிக்குக் காட்சி மாத்தலாமா? 2011ல புதுப்பிச்ச ஸ்டார் டூர்ஸ்ல கிரகங்களை மாத்தி மாத்திக் கோத்து 54 விதமா ஓட வச்சாங்க.

செட்டு வேலை (பழைய வண்ணாரப்பேட்டை)

கபிலன் ஜெயிக்கணும். படம் பார்த்துட்டு வர்றவன் அதுக்குத்தான் வர்றான். எதிர் கார்னர்ல நின்னவன் தோத்த கூட்டத்தோட, அவங்க வாசல் வழியா வெளிய போகட்டும். அந்த வாசலுக்கும் தனியா ஒரு செட்டு போடலாம். அடுத்த தடவை இந்தப் பக்கம் நிக்கணும்னு அவனுக்குத் தோணும்.

பெரம்பூர் டீச்சர்

நீங்க பேசுறதைப் பார்த்தா நாளைக்கே மரம் அறுக்க ஆரம்பிச்சிடுவீங்க போல, படிக்கவே சந்தோஷமா இருக்கு. எனக்கு ஒரு உதவி வேணும். மே லீவுல மறுபடி சிங்கப்பூர் போறோம், இந்தத் தடவை தங்கச்சி குடும்பமும் வருது. ஒரே நாள்தான் யுனிவர்சலுக்கு. எதை எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லுங்க.

எண்ணூர் ஃபேப்ரிகேஷன்

அக்கா, காலையில கேட் திறந்ததும் நேரா ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ். முதல் தடவை சாதாரண வரிசையிலயே எல்லாரும் சேர்ந்து போங்க, தங்கச்சி வீட்டுக்காரங்க அந்தத் தளத்தைப் பார்க்கட்டும். ரெண்டாவது தடவை தனி ஆள் வரிசையில நுழைஞ்சா சீக்கிரம் ஏறிடலாம். அப்போ மாடி மாறுற இடத்தை மட்டும் கவனிங்க. மம்மி இருட்டுல ஓடுற கோஸ்டர், உயர வரம்பு இதைவிட அதிகம், சின்னப் பசங்களை வாசல்லயே அளந்து திருப்பிடுவாங்க, முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

ராயபுரம் மேட்டுத்தெரு

வாட்டர்வேர்ல்டு நேரத்தை உள்ள போனதும் குறிச்சு வச்சுக்கங்க, அது நாள் முழுக்க ஓடாது. முன்வரிசைகள் நனையற இடம். மாத்து சட்டை இருந்தா பசங்களை அங்கயே உக்கார வைங்க.

கூத்துக்கார வீட்டுப் பிள்ளை (திருவொற்றியூர்)

ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுங்க டீச்சர். நடிகர்கள் முதல்லயே வந்து கூட்டத்தை ரெண்டு மூணா பிரிச்சுக் கத்த வைப்பாங்க, தண்ணி வாரி ஊத்துவாங்க. அதைத் தவற விடாதீங்க. வந்து இங்க எழுதுங்க.